ஆதாரம் மேடம்

"ஒரு பிரெட் பாக்கெட் குடுங்க" என்று மேடம் கேட்டது செருப்புக்கடையில்.

கடைக்காரர் ஒரு பெண்மணியின் காலில் செருப்பைப் பொருத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "இது செருப்புக்கடைங்க." "ஓ, பிரெட் கிடைக்காதா?" "கிடைக்காதுங்க. ரெண்டு கடை தள்ளிப் பாருங்க." அவ்வளவுதான். மறுபடி குனிந்துவிட்டார். செருப்பு போட்டுப் பார்த்த பெண்மணி மட்டும், "அந்தக் கடையில நேத்து பிரெட்டுதான் குடுப்பான், எதிர்வரிசையில வாங்குங்க" என்று யோசனை சொன்னார்.

வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பெண்களும் ஒரு ஆணும், தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர்களைப் போல நின்றிருந்தார்கள். மேடம் வெளியே வந்ததும், உள்ளே என்ன நடக்கும் என்று அவர்கள் முன்பே எழுதிவைத்திருந்த துண்டுத்தாள்களை வாங்கிப் படித்தார். "‘கடைக்காரர் கத்துவார்.’ இது யாரு? ‘பைத்தியம்னு நினைப்பாங்க, எல்லாரும் சிரிப்பாங்க.’ இது யாரு? ஆமா, என்ன நடந்துச்சு?" நால்வரும் கண்ணாடி வழியாகக் கடைக்குள் எட்டிப் பார்த்தார்கள். "நேத்து பிரெட் வாங்கக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்" என்றவர், தாள்களை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "சரி, அடுத்தது யாரு? மருந்துக்கடையில போய்க் குடை கேக்கணும்."

இதுதான் அவருடைய பாடசாலை. மனநல சிகிச்சையாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். மனதில் தோன்றும் ஒரு நினைப்பை உண்மை என்றே எடுத்துக்கொள்ளாமல், அதை வெளியே எடுத்து வைத்து, இது சரிதானா என்று சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று பாடப்புத்தகம் சொல்லும். தொழிலில் இருப்பவர்கள் சி.பி.டி. என்கிறார்கள். "நீ செய்யாத ஒண்ணை இன்னொருத்தரைச் செய்யச் சொல்லாதே" என்பது மேடத்தின் முதல் விதி. வெட்கத்தால் வீட்டைவிட்டு வெளியே வராத ஒருவரைக் கடைக்கு அனுப்புவதற்கு முன், சிகிச்சையாளர் தானே ஒருமுறை மருந்துக்கடையில் குடை கேட்டிருக்க வேண்டும்.

யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம்?" என்று கேட்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஆதாரம் மேடம். அது அவருக்கும் தெரியும். "கூப்பிடுங்க, கூப்பிடுங்க. ஆனா போலீஸ்காரர் மாதிரி அதைக் கேக்காதீங்க. தொலைஞ்ச சாவியை ரெண்டு பேரும் சேர்ந்து தேடற மாதிரி கேக்கணும்."

ஆள் குள்ளம். நரைத்த தலைமுடியைக் கழுத்தோடு வெட்டியிருக்கிறார். எல்லா உடையிலும் பெரிய பை வைத்துத் தைத்துக்கொள்வார். அந்தப் பைகளில் எப்போதும் பிஸ்கட் இருக்கும். ஒரு பிஸ்கட்டை முழுதாக அவர் தின்று நான் பார்த்ததில்லை. பாதியாக உடைத்து, பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கையில், வேண்டுமா என்று கேட்காமலே திணித்துவிடுவார். முதல் நாள் எனக்கும் கிடைத்தது. பத்திரிகைக்கு எழுத வந்திருக்கிறேன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டபோது, "எழுதுங்க. ஆனா ‘ஏன்’னு மட்டும் கேக்காதீங்க" என்றார். அந்த வார்த்தைக்கு அவருடைய வகுப்பில் தடை. "ஏன்னு கேட்டா எதிர்ல இருக்கறவன் வக்கீலாயிடுவான். எப்படின்னு கேட்டுப் பாருங்க, கதை சொல்ல ஆரம்பிச்சுடுவான்."

தடை செய்யப்பட்ட இன்னொரு சொல் "கவலைப்படாதீங்க". பயிற்சியின்போது வாய்தவறி அதைச் சொல்பவர் எல்லோருக்கும் டீ போட வேண்டும். நோயாளி அழ ஆரம்பித்த உடனே டிஷ்யூ காகிதத்தை நீட்டினாலும் டீதான். "அழுதது போதும், தொடைச்சுக்கோன்னு சொல்ற மாதிரி இருக்கு. அவங்களே எடுத்துப்பாங்க, கை இல்லையா?"

வகுப்பு நடப்பது ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில். கீழே ஆட்கள் மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு எழுத்துகளைச் சத்தமாக வாசிப்பது மேலே கேட்கும். மேடம் நோயாளியாக நடிப்பார், மாணவர் சிகிச்சை கொடுக்க வேண்டும். கோபக்கார நோயாளி, ஊமை நோயாளி எல்லாம் அவருக்குச் சாதாரணம். அவர் போடும் வேடங்களிலேயே மாணவர்கள் நடுங்குவது "சரிங்க" நோயாளிக்குத்தான். என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு, "சரிங்க, நீங்க சொன்னா சரிங்க" என்பார். கால் மணி நேரத்தில் எதிரில் இருப்பவருக்கு வியர்த்துவிடும். "திட்டறவன் உங்களை நம்பறான். சரிங்கறவன் வாசப்படியிலயே நிக்கறான், உள்ள வரலை" என்று பிறகு விளக்குவார்.

டீ போட்டுப் போட்டே அந்த அறையின் அடுப்பைத் தன்னுடையதாக்கிக்கொண்ட மாணவி ஒருவர் உண்டு. குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு இந்தப் பயிற்சிக்கு வந்தவர். யார் முகம் சுருங்கினாலும் அவர் கை தானாக அவர்கள் தோளுக்குப் போய்விடும். மேடம் அவருக்கு வைத்த பெயர் ஆறுதல். வகுப்பும் அதையே பிடித்துக்கொண்டது.

மேடத்தின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போயிருந்தேன். கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். உயரமான, நிதானமான மனிதர். "நான் பின்பக்க மூடியைக் கழட்டினா என்ன கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சுடும். பாவம், இவளுக்கு அந்த வசதி இல்ல" என்று சிரித்தார். அன்று நான் கவனித்த ஒரு விஷயம், பிறகு பல நாள் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. செய்தித்தாள் வந்ததும் கணவர்தான் எடுத்தார். தலைப்புச் செய்திகளைத் தாண்டி, உள்பக்கங்களை விரலால் தடவியபடி வேகமாகப் பார்த்தார். பிறகு மனைவியிடம் நீட்டி, "ஒண்ணும் இல்ல" என்றார். மேடம் வாங்கிக்கொண்டு சாவகாசமாகப் படிக்க ஆரம்பித்தார். செய்தித்தாளில் ஒன்றும் இல்லையா? எதைத் தேடி, அது இல்லை என்கிறார்? கேட்க நா எழுந்தது. ஆனால் "ஏன்" தடை நினைவுக்கு வந்து அடங்கிவிட்டேன்.

பதில் தானாக வந்தது. வந்த வழிதான் நான் எதிர்பாராதது.

பயிற்சியின் பிற்பகுதியில் மாணவர்கள் உண்மையான நோயாளிகளைப் பார்ப்பார்கள். அவர்களுடைய ஒப்புதலோடு பேச்சைப் பதிவு செய்து வருவார்கள். மேடம் கேட்டுத் திருத்துவார். ஆறுதலிடம் வந்தவர் ஒரு பஸ் டிரைவர். அவர் ஓட்டிய பஸ் உரசி, சைக்கிளில் போன ஒருவர் விழுந்தார். விழுந்தவர் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். டிரைவரால்தான் அதன்பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏற முடியவில்லை. பணிமனையில் சாவி கொடுக்கும் மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். ஆறுதலும் அவரும் படிப்படியாகத் திட்டம் போட்டார்கள். முதலில் நின்றிருக்கும் பஸ்ஸில் சும்மா ஏறி உட்காருவது. பிறகு இன்ஜினைப் போட்டுவிட்டு உட்காருவது. அதையெல்லாம் செய்துவிட்டார். அடுத்தது பணிமனைக்குள்ளேயே ஒரு சுற்று. அதைச் செய்ய வேண்டிய வாரத்தில் அவர் வரவில்லை. போனும் அணைந்திருந்தது. அடுத்த வாரமும் அப்படியே.

ஆறுதல் வகுப்பில் உட்கார்ந்திருந்த விதமே சரியில்லை.

"நான் அவரை அவசரப்படுத்திட்டேன் மேடம்."

"ஆதாரம்?"

"வரலையே."

"வரலைங்கறது, வரலைங்கறதுக்குத்தான் ஆதாரம்."

"போனும் எடுக்கல."

"அது போன் எடுக்கலைங்கறதுக்கு."

மற்றவர்கள் சிரித்தார்கள். ஆறுதல் சிரிக்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே, "இத்தனை நாளா எங்க பதிவு எல்லாத்தையும் கேக்கறீங்க. உங்களோடது ஒண்ணுகூட நாங்க கேட்டதில்ல. கடைசியா நீங்க ஒரு ஆளைப் பார்த்தது எப்போ மேடம்?" என்றார்.

கீழே யாரோ கண்ணாடி மாட்டிக்கொண்டு எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். மேடம் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தார். உடைக்கவில்லை. திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

"ரொம்ப வருஷம் ஆச்சு" என்றார்.

பிறகு சொன்னார். அடையாளம் எதுவும் இல்லாமல், எழுதலாம் என்ற அனுமதியோடு சொன்னது. கைக்குழந்தையோடு இருந்த ஒரு இளம் தாய். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும்போதெல்லாம், "போட்டுடு" என்று மனதுக்குள் ஒரு நினைப்பு எழும். சமையலறையில் கத்தியைத் தொட முடியாது. தன்னைத் தானே பேயாக நினைத்துக்கொண்டு, குழந்தையை மாமியார் கையிலேயே விட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்தவர். இப்படிப்பட்ட நினைப்பு புதிதாகத் தாயானவர்கள் பலருக்கும் வருவதுதான். அதைக் கண்டு பதறுகிறவர்கள் அதைச் செய்கிறவர்கள் அல்ல. நினைப்பு வேறு, செயல் வேறு. மேடம் அதைத்தான் அந்தப் பெண்ணுக்குப் பழக்கினார். ஒரு நாள் அந்தப் பெண், மாமியார் பின்னால் வர, குழந்தையைத் தானே இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். அறைக்குள் வந்து, "ஏறிட்டேன் மேடம்" என்றார்.

"அதுக்கப்புறம் வரலை" என்றார் மேடம். "போன் பண்ணேன், எடுக்கல. வீடு மாத்திட்டாங்கன்னு சொன்னாங்க. நல்லாயிட்டா, அதான் வரலைன்னு ஒரு மனசு சொல்லும். இன்னொரு மனசு காலையில எழுந்து, அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆச்சான்னு பேப்பரைப் புரட்டும்."

மேடம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"எனக்குத் தெரியாதா? பாடமே எடுக்கறேன். ஆனா தெரிஞ்சது தலையில இருந்துச்சு, பேப்பர் கையில இருந்துச்சு." முதலில், கைக்குழந்தைக்காரர்கள் வேண்டாம் என்று வேறு ஒருவரிடம் அனுப்பினார். பிறகு மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் குறைத்தார். கடைசியில் பயிற்சி மட்டும் என்று ஆகிவிட்டது. "ஊர்ல எல்லாரும், இவங்க சொல்லிக்கொடுக்கறதுக்காகவே தன்னை ஒதுக்கிக்கிட்டாங்கன்னு பேசினாங்க. ஒரு விழாவுல பாராட்டுப் பத்திரம் வேற குடுத்தாங்க. நானும் வாங்கி மாட்டி வச்சிருக்கேன்."

ஆறுதலின் கை மேசையைத் தாண்டி மேடத்தின் தோளை நோக்கிப் புறப்பட்டதைப் பார்த்தேன். வாயும் திறந்தது. அறை முழுக்க அந்தத் தடை செய்யப்பட்ட சொல்லுக்குக் காத்திருந்தது. கை பாதி வழியில் நின்றது. மடியில் திரும்ப வைத்துக்கொண்டார்.

"பேப்பரை எப்படிப் பாப்பீங்க மேடம்? முதல் பக்கத்துல இருந்தா, நேரா உள்பக்கமா?"

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு நல்ல கேள்வியை அடையாளம் கண்டுகொண்ட முகம் அது. "உள்பக்கம். ஓரத்துல சின்னச் செய்தி வருமே, அங்க. இப்போ நான் பாக்கறதில்ல. அவர் பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடுவார். அப்புறம்தான் நான்…" என்றவர் அப்படியே நிறுத்தினார்.

"‘ஒண்ணும் இல்ல’ன்னா?"

"அது…"

"அது ‘கவலைப்படாதீங்க’தானே மேடம்?" என்றார் ஆறுதல். "அப்போ வீட்டுல சார்தான் டீ போடணும்."

முதலில் மேடம்தான் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். யாரும் காகிதம் நீட்டவில்லை. அவரே எடுத்துத் துடைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "கேளு. விடாதே" என்றார்.

அன்று நடந்ததுதான் நான் பார்த்த சிறந்த பாடம். மாணவி கேட்க, ஆசிரியர் பதில் சொன்னார்.

"இப்போ புதுசா ஒருத்தரைப் பார்த்தா என்ன நடக்கும் மேடம்?"

"பாதியில விட்டுட்டுப் போயிடுவாங்க. என்ன ஆச்சுன்னு தெரியாது. நான் தாங்க மாட்டேன்."

"எவ்வளவு நம்பறீங்க?"

"எம்பது. எம்பது சதவீதம்."

"தாங்க மாட்டேன்னா, அது எப்படி இருக்கும்?"

"வேலை ஓடாது. தூக்கம் கெட்டுடும். யாருக்கும் உபயோகமில்லாம போயிடுவேன்."

ஆறுதல் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் உங்களுக்குத் தெரியாது. தெரியாமத்தானே எங்களைச் செருப்புக்கடைக்கெல்லாம் கூட்டிட்டுப் போனீங்க?"

"இப்போ அறுவது" என்றார் மேடம். "பொய் சொல்லி உன்னைச் சந்தோஷப்படுத்த மாட்டேன். அறுவதுதான்."

அறுபதோடேயே இரண்டு முடிவுகள் எடுத்தார்கள். செய்தித்தாளில் தேடக் கூடாது, கணவரும் தேடித் தரக் கூடாது. மேடம் ஒரே ஒரு நோயாளியை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கணவரைப் பிறகு சந்தித்தபோது எப்படிப் போகிறது என்று கேட்டேன். "கொடுமைங்க" என்றார். "பேப்பரை மடிச்சபடியே மேசையில வச்சுட்டு நான் உள்ள போயிடணுமாம். மொத நாள் வாய் வரைக்கும் வந்துடுச்சு. அவ என் மூஞ்சியைப் பாக்கறா, நான் ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ள தலையை விட்டுக்கிட்டேன். ஒண்ணும் கெட்டுப்போகல, சும்மாதான்." கொஞ்சம் தள்ளிப்போய்த் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தினார். "இத்தனை வருஷமா அவளுக்கு நல்லது பண்றேன்னு நினைச்சுட்டு இருந்தேங்க. நானும் அந்தப் பேப்பரைப் பயந்துக்கிட்டேதான் பிரிச்சேன்." மேடம் இரண்டு தடவை உள்பக்கத்தைத் தேடிப் பார்த்துவிட்டாராம். அதையும் அவரே வகுப்பில் வந்து சொல்லியிருக்கிறார்.

இதற்கிடையில் பஸ் டிரைவரிடமிருந்து போன் வந்தது. வகுப்பு நடுவில் ஆறுதல் போனோடு வெளியே ஓடினார். திரும்பி வந்தபோது, சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாத முகம்.

"போன் தண்ணியில விழுந்துடுச்சாம். பணிமனைக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டாராம். மறுநாள் இன்னொரு சுத்து. போன வாரத்துல இருந்து ரோட்டுலயே ஓட்டறாராம்."

"அதைச் சொல்லணும்னு தோணலையாமா?" என்று ஒருவர் கேட்டார்.

"கேட்டேன். ‘வண்டிதான் ஓட்டறேன்ல, அப்புறம் எதுக்கும்மா வரணும்?’ங்கறார். நான் ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடந்தது எனக்குத்தானே தெரியும்!"

அறை கலகலத்தது. மேடமும் கைதட்டினார். எல்லோரும் ஓய்ந்த பிறகு ஆறுதல், மெல்லிய குரலில், "உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் மேடம். அவங்களும் நல்லாத்தான்…" என்று ஆரம்பித்தார்.

மேடம் விரலை உயர்த்தினார். "உனக்குப் போன் வந்துச்சு. எனக்கு வரலை. வராமலே போகலாம். அதை நீ எனக்கு ரொப்பித் தராதே." பிறகு, "போ, டீ போடு" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆறுதல் அடுப்பைப் பற்ற வைக்கும்போது மேடம் பின்னாலேயே போய், டம்ளர்களைக் கழுவிக் கொடுத்துக்கொண்டு நின்றார். அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

மேடம் தன் நோயாளியைப் பார்த்த நாளில் எனக்கு உள்ளே அனுமதி இல்லை. வெளியாள். நியாயம்தான். தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஆறுதல். அவருக்கும் அனுமதி இல்லை. பதிவு மட்டும் பிறகு கிடைக்கும். அறைக் கதவில் ஒரு கை அகலத்துக்குக் கண்ணாடி பதித்திருந்தது. பார்க்கலாம், கேட்காது.

மேடம் அன்று சீக்கிரமே வந்திருந்தார். நல்ல உடை. நாற்காலிகளைத் துடைத்தார். பதிவுக் கருவியை ஓடவிட்டு, தன் குரலையே கேட்டுப் பார்த்து முகம் சுளித்தார். எங்களிடம் வந்து, "கை சில்லுன்னு இருக்கு, பாரு" என்று ஆறுதலின் கன்னத்தில் வைத்துக் காட்டினார். ஆறுதல் அந்தக் கையை எடுத்துவிடவில்லை.

வந்தவர் ஒரு கட்டட மேற்பார்வையாளர். நடு வயது. லிஃப்ட் ஒன்றில் மாட்டிக்கொண்டு வெகுநேரம் கழித்து மீட்கப்பட்டவர் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். மூடிய அறை எதிலும் அவரால் உட்கார முடிவதில்லை. சட்டையின் மேல் பொத்தான்களைத் திறந்துவிட்டுக்கொண்டே படியேறி வந்தார். "உள்ள வாங்க" என்று மேடம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வாசலில் தயங்கினார். உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மேடம் தன் நாற்காலியில் உட்கார்ந்து, எதிர் நாற்காலியைக் கையால் காட்டினார். அந்த மனிதர் உட்காரவில்லை. கதவுக்கு ஒரு எட்டு உள்ளே, ஒரு கை கைப்பிடியை இறுகப் பிடித்திருக்க, அப்படியே நின்றார். அவர் தலையசைப்பதும் ஏதோ மன்னிப்புக் கேட்பதும் தெரிந்தது. எந்த நொடியும் கதவைத் திறந்துகொண்டு எங்களைத் தாண்டி ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஆறுதலும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். பெஞ்சின் விளிம்புக்கு வந்திருந்தார்.

மேடம் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். தன் நாற்காலியைக் காலால் ஓரமாக ஒதுக்கிவிட்டு வந்து, அவருக்குப் பக்கத்தில், கதவோரச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.